தியாகி அக்கா செய்ய மாட்டாத காரியங்கள்

மனுஷனைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்பார் மேஸ்திரி. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பியவர். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஓர் அறை. நடுவில் நீள மேஜை, சுற்றி ஐந்து நாற்காலி, அதில் ஒன்றில் சாய்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். இந்த அறையிலிருந்துதான் மாமியாரும் மருமகளும் நாத்தனாரும் ஓடிப்போன அப்பாவும் புறப்பட்டு, தினம் சாயங்காலம் வீடு வீடாக டிவிக்குள் போய் உட்காருகிறார்கள்.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர். செங்கல் தொட மாட்டார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கட்டச் சொல்வார், அதனால் வந்தது. அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் திருப்பம் என்று பெயர். கதை படுத்துக்கொண்டால் கிள்ளி எழுப்பிவிடுவது அவள் வேலை. கவிழ்க்கிற நாற்காலிக்கு அடுத்ததில் உட்கார்ந்திருப்பவன்தான் நம்ம ஆள். அவனை வசனம் என்பார்கள். "வசனம், டீ ஆறுது." "வசனம், மாமியாரை இன்னும் ரெண்டு நாள் கொதிக்க விடு." சொந்தப் பெயரை அவனே ஒரு தடவை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது என்று திருப்பம் கிண்டல் செய்வாள். பொய்தான், ஆனால் ரொம்பப் பெரிய பொய் இல்லை.

மேஸ்திரியின் தொழில் முறை இது. "ஒரு ஆள் என்ன செய்வான்னு யோசிச்சா விடிஞ்சுடும். என்ன செய்யவே மாட்டான்னு யோசி. மூணு 'மாட்டான்' கெடச்சா போதும், ஆள் எழுந்து நடப்பான்." சுவர் முழுக்க அட்டைகள். கோள்மூட்டி ஒரு ரகசியத்தை மறுநாள் வரைக்கும் வைத்திருக்க மாட்டாள். பணக்காரக் குடிகாரன் சில்லறை வைத்துக்கொள்ள மாட்டான். அப்பாவி கதவைத் தட்ட மாட்டான், அதனால்தான் ஊர் ரகசியமெல்லாம் அவன் காதில் விழும். புதுத் தொடர் ஆரம்பித்தால் சுவரைப் பார்த்து நாலு அட்டையை உருவினால் ஒரு குடும்பம் தயார். பெயர் மாறும், உடை மாறும், வீட்டுக்கு வேறு சோபா வாங்கிப் போடுவார்கள். ஆள் அதே ஆள்தான். பார்க்கிற ஜனத்துக்கும் அதுதான் வேண்டும், தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால்தானே வாங்க என்று சொல்ல முடியும்.

அந்தச் சுவரில் ஓர் அட்டை மட்டும் வசனத்தின் கையெழுத்தில் இருக்கும். தியாகி அக்கா. கேட்க மாட்டாள். முதலில் சாப்பிட மாட்டாள். வீட்டை விட்டுப் போக மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. யோசித்தெல்லாம் எழுதவில்லை. வீட்டில் அவன் அக்கா இருந்தாள், பார்த்து எழுதினான்.

அவர்கள் கதை எல்லோர் வீட்டிலும் யாருக்காவது நடந்த கதைதான். அம்மா முதலில் போனாள், பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கொஞ்ச வருஷத்தில் பின்னாலேயே போனார். அக்கா நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ரத்தம் எடுக்கிற சின்னப் படிப்பு ஒன்றை முடித்து, ஒரு பரிசோதனை லேபில் வேலைக்குப் போனாள். தம்பியைப் படிக்க வைத்தாள். அவன் படிப்பை முடிக்காமல் கதை, நாடகம் என்று அலைந்தான். அவள் திட்டவில்லை. திட்ட மாட்டாள் என்று அட்டையில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம், மூன்றே போதும் என்று விட்டானோ என்னவோ. மேஸ்திரி அவனை எடுத்துக்கொண்டபோது அவனுக்கு இருபத்தி நாலு வயது, அக்காவுக்கு முப்பத்தி மூன்று.

லேபில் அவளுக்கு நல்ல பெயர். கை அவ்வளவு லேசு. ஊசி ஏறியதே தெரியாது, பெரிய பெரிய ஆளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்பார்கள். "முடிச்சாச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்பாள்.

தியாகி அக்கா திரையில் ஏறியதும் சக்கைப் போடு போட்டாள். அந்தத் தொடர் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று நாலு தொடர் ஆயிற்று. நாலிலும் அவள் உண்டு. தம்பி எந்த நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" அந்த ஒரு வார்த்தைக்கு ஜனம் உருகி ஓடியது. நிஜ அக்கா ஒரு நாள் சிரித்துவிட்டாள். "டேய், லேப்ல காலையிலேர்ந்து அதைத்தான் கேக்கறேன். வெறும் வயித்துல வந்திருக்காங்களான்னு தெரிய வேண்டாமா? வாய்ப்பழக்கம்டா, வீட்டுக்கு வந்தும் வந்துடுது. அதுக்குப் போயி இத்தனை பேர் அழுவுறாங்களா?" அவன் அதையும் எழுதலாமா என்று யோசித்து, தியாகிக்கு ஒத்து வராது என்று விட்டுவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அது தெரியாமல் மற்றது விளங்காது. இவன் வீட்டில் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. நாள் பூராவும் ஊருக்கெல்லாம் பேச்சு சப்ளை செய்துவிட்டு வந்தால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? "ம்", "சரி", "பாக்கலாம்", இவ்வளவுதான். ஆனால் வீட்டில் எது நடந்தாலும் காலை பத்து மணிக்கு அது டயர் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "வீட்ல புதுசா ஏதாவது?" என்பார் மேஸ்திரி. இவன் எடுத்து மேஜைமேல் வைப்பான். ஒரு தடவை இவனுக்குப் பொறுக்க முடியாத வயிற்று வலி. அக்காவிடம் மூச்சு விடவில்லை. தொடரில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அக்கா அதை டிவியில் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் இவன் சட்டையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குடல் புண். வீட்டை மாற்ற வேண்டாம் என்று இவன் நினைத்தது, சமையலில் உப்பு கூடிப்போனது, அவள் சிநேகிதி அடிக்கடி வருவது பிடிக்காதது, எல்லாமே அவளுக்கு இப்படித்தான் தெரிய வந்தது. தம்பி மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்க சாயங்காலம் ஏழரைக்கு டிவியைப் போட்டால் போதும். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகினதில் என்ன தப்பு?

அவனுக்கு மனசு மரத்துப்போனது எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆரம்பத்தில் எழுதிக்கொண்டே அழுவான், மேஸ்திரி கைக்குட்டை நீட்டுவார். அப்புறம் அழும்போதே இதை எந்த நாளில் வைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். அப்புறம் கணக்கு மட்டும் மிஞ்சியது. கூடப் படித்த நண்பன் விபத்தில் போனபோது வாசலில் நின்று, அவன் மனைவி எந்தக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தான். இடது கை. நல்லா இருந்தது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். இவனுக்குக் கல்யாணப் பேச்சும் நடந்தது. இரண்டு மூன்று இடம் பார்த்தார்கள், எல்லாப் பெண்ணும் ஏதோ ஓர் அட்டையில் இருப்பதாகப் பட்டது. அப்படியே விட்டுப்போயிற்று.

அவனுக்கு நாற்பத்தி நாலு, அக்காவுக்கு ஐம்பத்தி மூன்று. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டாள்.

அவன் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எதிரில் அவளும் உட்கார்ந்தாள். கையில் டீ. வழக்கமாக அவனுக்குக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள்.

"ஒண்ணு கேக்கணும்டா."

"ம்."

"எங்க லேப் பில்டிங் லிஃப்ட் பாக்கறவரு இருக்காரில்ல, சொல்லியிருக்கேனே. நான் மாட்டிக்கிட்டப்ப வெளியில நின்னு பேசிக்கிட்டே இருந்தாரே."

சொல்லியிருந்தாள். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே விளக்கும் அணைந்து, அரை மணி நேரம். வெளியிலிருந்து அந்த ஆள், இப்போது எந்த ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன், அடுத்து எதைக் கழற்றப் போகிறேன் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம். தைரியமாக இருங்கள், பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். சம்சாரம் போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு அவருக்கு. பதிவு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு. அடுத்த மாசம் தேதி வரும். நம்ம பக்கம் சாட்சிக்கு ஒருத்தர் வேணும். நீ வந்து கையெழுத்துப் போடறியா?"

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வந்தால் கூடத் தேவலை. அக்காவின் வலது காதோரம் ஒரு நரைமுடி தனியாக நின்றது, அதைப் பார்த்தான். இந்த இடத்தில் தம்பி என்ன சொல்வான் என்று யோசித்தான். வாய் தானாகத் திறந்தது.

"அன்னிக்கு உன் கூட வேலை பாத்தவரு கட்டிக்கறேன்னு கேட்டப்ப, எனக்கு என் தம்பி போதும்னு சொன்னியேக்கா. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம."

அக்கா டீயைக் கீழே வைத்தாள். அவனை ரொம்ப நேரம் பார்த்தாள், ரத்தம் எடுக்குமுன் நரம்பு தேடுகிற மாதிரி.

"அது உன் சீரியல்ல சொன்னாடா."

"இல்லக்கா, இங்கதான்."

"இங்க பாத்திரம் தேய்க்கற எடத்துலேர்ந்து பாத்தா கதவே தெரியாது, நான் திரும்பினா என்ன, திரும்பாட்டி என்ன? அந்த சீரியல் வீட்ல பெரிய சமையல்கட்டு, ஜன்னல் எல்லாம் இருந்துச்சு. இங்க நான் உன்னைக் கேட்டேன். நீ என்னடா சொல்றேன்னு. நீ உன் இஷ்டம்னே. அப்புறம் ரெண்டு மாசம் என்கிட்ட பேசல. அவரு வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு." அவள் குரல் ஏறவில்லை. "அதுக்கப்புறம் டிவியில பாத்தேன். அவ வேணாம்னு சொல்றா. பாத்து எனக்கே அழுகையா வந்துச்சு. நானே சொல்லிட்டேனோன்னு இருந்துச்சு."

அவன் ஞாபகத்தைத் தேடிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சம், தேய்த்து அடுக்கிய பாத்திரம், திரும்பாத முதுகு. எல்லாம் துல்லியமாக இருந்தது. அந்த முதுகு நடிகையின் முதுகு என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"வர்றியாடா?" என்று அக்கா மறுபடி கேட்டாள்.

"பாக்கலாம்கா."

கேட்க மாட்டாள் என்று எழுதியவன்தான். இதோ இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

மறுநாள் பத்து மணி. டீ வந்தது. ஜன்னல் திறந்திருந்தது. "வீட்ல புதுசா ஏதாவது?" என்றார் மேஸ்திரி. இவன் சொன்னான். ஒளிக்கலாம் என்று தோன்றவே இல்லை. கை பழக்கத்தில் சாவியை ஆணியில் மாட்டுகிற மாதிரி, அக்காவின் கல்யாணத்தை மேஜைமேல் வைத்தான். லிஃப்ட்காரர், சாட்சிக் கையெழுத்து எல்லாம்.

அறை எழுந்து உட்கார்ந்தது. "அக்காவுக்குக் கல்யாணமா! அடிச்சுது போ" என்றார் மேஸ்திரி. ஆனால் உடனே சுவரைப் பார்த்தார். வீட்டை விட்டுப் போக மாட்டாள். "போனா கதை அவுட். ஆசை காட்டணும், போக விடக் கூடாது. யார் நிறுத்தறது?"

"மாப்பிள்ளை நிறுத்தினா அவன் வில்லன் ஆயிடுவான், வில்லன் ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள் திருப்பம். பேனாவால் தலையைச் சொறிந்தாள். "தம்பி வரலைன்னா? சாட்சிக்கு வர்றேன்னவன் வரல. ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து உக்காந்து பாக்கறா. நேரம் முடிஞ்சுடுது. எழுந்து வீட்டுக்கு வந்துடறா. தம்பி கதவைத் திறக்கறான். அவ ஒண்ணும் கேக்க மாட்டா."

"சாப்பிட்டியான்னு கேப்பா" என்றான் வசனம்.

மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார். இப்படித்தான் அந்தக் காட்சி பிறந்தது. நன்றாக எழுதினான், பாவி. பெஞ்சில் பக்கத்து இடத்தில் அவள் கைப்பையை வைத்திருக்கிறாள், தம்பிக்கு இடம் பிடிக்க. யாரோ வந்து உட்காரலாமா என்று கேட்கிறார்கள். ஆள் வருது என்கிறாள். மூன்றாவது தடவை கேட்கும்போது பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், பேச்சே இல்லை. திருப்பம் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லா வந்திருக்கு என்று மட்டும் தெரிந்தது.

இத்தனைக்கும் அவன் போவதாகத்தான் இருந்தான். அதில் சந்தேகமே வேண்டாம். தேதி வந்த அன்றே அறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டான். நீல மை பேனா ஒன்று வாங்கினான், அரசாங்கக் காகிதத்தில் கறுப்புதான் போட வேண்டுமோ என்னவோ என்று அதையும் ஒன்று வாங்கினான். வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தான். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. இடையில் ஒரு நாள் அவள், "என்னடா, அன்னிக்கு வருவேல்ல?" என்று கேட்டபோதும், "பாக்கலாம்கா" என்றான். வருவேன் என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான். அதை அவள் எந்தச் சுவரில் போய்ப் படிப்பாள்?

எழுதினது படமாகி வீட்டுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பெஞ்சுக் காட்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. அந்த வாரம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, கல்யாணம் ஒரு பக்கம் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது டிவி அணைந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்ததா என்று கேட்டால், அவன் பார்க்கவில்லை.

"நாளைக்கு நான் முன்னாடியே கிளம்பிடுவேன். சாவியை நீ எடுத்துக்கோ" என்றாள்.

"ம்" என்றான்.

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு பேனாவையும் பையில் குத்திக்கொண்டு, பஸ் பிடித்துப் போனான். பதிவு ஆபீஸ் பழைய கட்டடம். நீள வராந்தா, சுவரோரம் பெஞ்சு, கதவுக்கு மேலே நின்றுபோன கடிகாரம். அவன் எழுதிய பெஞ்சைவிட இது நீளம். அதில் அக்கா இல்லை. வராந்தாவின் அந்தக் கோடியில், வெயில் விழுகிற இடத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் லிஃப்ட்காரர், குட்டையான மனுஷர், புதுச் சட்டையின் மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை. அவர் பக்கத்தில் அவருடைய தங்கை. இன்னும் ஒருவர், லேப் வாட்ச்மேன், யூனிஃபார்மோடு.

"வந்துட்டியா" என்றாள் அக்கா.

"பத்தரைன்னுதானே சொன்னே?"

"பத்துக்கே கூப்பிட்டுட்டாங்க. முடிஞ்சுடுச்சு."

அவன் கை பேனாவைத் தொட்டபடி நின்றது. "கையெழுத்து?"

"வாட்ச்மேன் அண்ணன் போட்டாரு. நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டேன், ட்யூட்டியை விட்டுட்டு வந்துட்டாரு பாவம்."

வாட்ச்மேன் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் வர்றதாத்தானேக்கா இருந்துச்சு."

"நீ எங்கடா சொன்னே? எத்தனை தடவை கேட்டேன். நேத்துதான் பதில் வந்துச்சு. நீ வரல. நான் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்."

"அது கதைக்கா."

"வேற எதுலடா நீ எனக்குப் பதில் சொல்லியிருக்கே?" அக்கா இதைச் சண்டையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டாள். "உன் வயித்து வலியைக்கூட நான் அதுலதான் பாத்தேன். இதை மட்டும் கதைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

அவனுக்கு ஒரு பதில் வந்தது, ஆனால் அதைப் போன தொடரில் தம்பி சொல்லிவிட்டான். இன்னொன்று வந்தது, அது அதற்கு முந்தினதில் மாமா சொன்னது. இரண்டையும் அவள் பார்த்திருப்பாள்.

லிஃப்ட்காரர் அந்த நேரம் பார்த்து முன்னால் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நகத்துக்கடியில் கழுவியும் போகாத கிரீஸ். "நேத்து எனக்கும் ஃபோன்ல அனுப்பி வெச்சாங்க. பெஞ்சுல வர்ற அந்த எடம். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார். நானே நம்பிட்டேன்" என்றார். உள்ளன்போடுதான் சொன்னார், குத்தலே இல்லை.

போகும்போது அக்கா தன் சாவியையும் கொத்திலிருந்து கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "அந்தச் சுவத்துல என் பேர்ல மூணு எழுதி வெச்சிருக்கேன்னு, வேலைக்குச் சேர்ந்த புதுசுல பெருமையா சொன்னியே, ஞாபகம் இருக்கா? நாலாவது ஒண்ணு சேர்த்துக்கோ. இனிமே நான் சீரியல் பாக்க மாட்டேன். இது நானே சொல்றது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஃபோன் பண்ணிச் சொல்லு, வாயால சொல்லு."

ஆட்டோவில் ஏறினார்கள். வாட்ச்மேனும் ஏறிக்கொண்டார், அவரை வழியில் லேபில் இறக்கிவிட வேண்டுமாம். இவன் வராந்தாவுக்குத் திரும்பிப் போய்ப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ஓர் அம்மா வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்று நகர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு எங்கே போவது? அறைக்குத்தான் போனான். அங்கே ஒரே கொண்டாட்டம். பெஞ்சுக் காட்சிக்கு ஜனம் தம்பியைக் கிழித்துத் தொங்கப் போட்டிருக்கிறது, டிவி ஆபீசிலிருந்து மேஸ்திரிக்குப் பாராட்டு. "படுபாவி, நன்றிகெட்டவன்னு திட்டறாங்கய்யா உன்னை" என்று திருப்பம் அவன் தோளைக் குலுக்கினாள். மேஸ்திரி இனிப்பு வரவழைத்தார். எல்லாரும் தின்று முடித்ததும் வழக்கம்போலக் கேட்டார், "வீட்ல புதுசா ஏதாவது?"

வசனம் சுவரைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல" என்றான். இருபது வருஷத்தில் முதல் தடவை. மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை, கை கழுவப் போய்விட்டார்.

தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். பூட்டு அவன் கையால் திறந்து ரொம்ப நாளாகியிருந்தது, இரண்டு சுற்றா ஒரு சுற்றா என்று திணறினான். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அடுப்பைத் துடைத்து வைத்திருந்தாள். அவள் அறையில் கட்டில்மேல் போர்வை நாலாய் மடிந்திருந்தது, கொடியில் துணி இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்து நின்றான். வரவில்லை. இந்தக் கொடியை எந்தப் பக்கமிருந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று மனசு பார்த்தது. அதை அவன் கவனித்தான், அருவருப்பாக இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது ஏழரை ஆயிற்று. பக்கத்து வீட்டில் டிவி போட்டார்கள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். தலைப்புப் பாட்டு. அப்புறம் காலடிச் சத்தம், அழைப்பு மணி, கதவு திறக்கும் சத்தம். பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள் தியாகி அக்கா. எதிரில் தம்பி தலை குனிந்து நிற்கிறான். இங்கே நீளமாக ஒரு மௌனம் வேண்டும் என்று அவனே எழுதிக் கொடுத்திருந்தான். மௌனம் நீண்டது. அப்புறம் அந்த நடிகையின் குரல், கனிந்து, ஊறி, சுவரைத் தாண்டி வந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா" என்றான் இவன்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி விம்மி விம்மி அழ ஆரம்பித்திருந்தான், பக்கத்து வீட்டு அம்மா அவனைத் திட்டுவதும் கேட்டது. இவன் ஃபோனை எடுத்தான்.

அக்கா உடனே எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம், லிஃப்ட்காரரின் தங்கை ஏதோ சொல்லிச் சிரிப்பது. "சொல்லுடா."

பேச்சு எழுதிப் பிழைக்கிறவன், காதில் இன்னும் இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தான். "சாப்பிட்டியாக்கா?"

"அது என் வசனம்டா" என்றாள் அக்கா. சிரித்தாளா என்று தெரியவில்லை. "வேற சொல்லு."

அவன் யோசித்தான். மன்னிச்சுடுக்கா. அது மூன்று தொடரில் வந்தாயிற்று. நீ இல்லாம வீடே வெறிச்னு இருக்கு. அது எல்லாத் தொடரிலும் உண்டு, இன்று இரவே வரும். துடைத்த அடுப்பைப் பார்த்தான். அக்கா ஃபோனை வைக்கவில்லை, மூச்சுச் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதுக்கா" என்றான். "நீ போனதுக்குக்கூடத் தோணல. எதுக்குமே. மரத்துப்போன மாதிரி இருக்கு."

எந்த அட்டைக்கும் அவன் இப்படி எழுதியதில்லை. எழுதினால் மேஸ்திரி அடித்திருப்பார், ஜனம் சேனலை மாற்றிவிடும் என்று.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா யாரிடமோ, "நீங்க சாப்பிடுங்க, வர்றேன்" என்று சொன்னாள். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள், லேபில் கேட்கிற குரலில்.